மூன்றாவது சிலிண்டரில் பன்னீர்

நான் பச்சையம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். விடிகாலை ஏலத்தில் நான் ஒரு விலை சொல்லிவிட்டால் பக்கத்தில் நிற்கிற நாலு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். என் குரல் அப்படி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு "இந்தப் பொம்பளை ஏன் எல்லாரையும் இப்படித் திட்டுகிறாள்" என்று யாரும் கேட்கக் கூடாது. விஜயதசமி அன்றைக்கு நான் திட்டியதற்குக் காரணம் இருந்தது. திட்டு வாங்கின ஆட்கள்தான் தப்பான ஆட்கள், அவ்வளவுதான்.

அன்று காலை என் மகள் நர்மதாவுக்கு அத்திப்பட்டில் வளைகாப்பு. பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். பிறந்த வீட்டிலிருந்து வளையலும் ஐந்து வகைச் சாதமும் போக வேண்டும், முதல் வளையலைப் பெற்றவள் போட வேண்டும். நான் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அந்த முதல் வளையலை எவள் போடுவாள்? என் சம்மந்தியம்மா வேம்பு போடுவாள். சொத்தை எழுதித் தரச் சொன்னாலும் தந்துவிடுவேன், அதை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நர்மதாவுக்கும் சித்தார்த்துக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்பும் கையுமாக நான் நின்றேன். பட்டுப்புடவை, தலை நிறைய பூ. வேம்பு இறங்கி வந்தாள். நான் தெளித்தேன், சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த நொடி முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்படியே பொத்தினபடி உள்ளே போனாள். முகூர்த்தம் முடிகிறவரை என் பக்கம் வந்து உட்காரவே இல்லை.

"மீன் வாடை அடிக்குதாம்யா எம்மேல! மீன் வாடை!" என்று அன்று ராத்திரியே என் வீட்டுக்காரர் ராமதாஸிடம் அழுதேன்.

"அட, அந்தம்மாவுக்கு ஜல்பா இருக்கும்மே. சும்மா படு" என்றார் அவர்.

ஜல்பாம். சளி பிடித்தவள் மூக்கைச் சிந்துவாளா, பொத்துவாளா? விவரம் இல்லாத மனுஷன். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு எலுமிச்சம்பழம். ஏலம் முடிந்ததும் பாதியை வலது கையில், பாதியை இடது கையில் தேய்த்துக் கழுவுவேன். அத்திப்பட்டுக்குப் போகிற நாளில் இரண்டு பழம். அந்த வீட்டுக்கு ஒரு நெத்திலிகூடக் கொண்டுபோனதில்லை. ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிப் போகிற மீன்காரி காசிமேட்டிலேயே நான் ஒருத்திதான்.

காரும் அதற்காக வாங்கியதுதான். ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து உட்காருகிறாள். ரயிலில் கூடைக்காரர்கள் பெட்டியில் போய்ப் பழக்கம், இறங்கும்போது புடவையெல்லாம் அந்த வாடை. அதனால் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு செகண்ட் ஹேண்டு வெள்ளைக் கார். அதில் போய் வேம்பு வீட்டு வாசலில் இறங்க வேண்டும், இறங்கும்போது கமகமவென்று மணக்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான்.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ராமதாஸ் அந்தக் காரின் டிக்கியில் இரண்டு ஐஸ் பெட்டி கானாங்கெளுத்தியை ஏற்றிக்கொண்டு போய் வந்தார். ஐஸ் உருகி, தண்ணீர் ஒழுகி, கம்பளம் முழுக்க ஊறிவிட்டது. ஏசியைப் போட்டால் துறைமுகமே வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். கேட்கட்டும்.

ஆயுத பூஜை அன்று எங்கள் பக்கத்தில் விசைப்படகுகளைக் கழுவுவது வழக்கம். பம்பைப் போட்டு, பெரிய குழாயால் மேல்தட்டிலிருந்து எஞ்சின் வரை அடித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். ராமதாஸ் விசைப்படகில் டிரைவர். இருபத்தைந்து வருஷமாக டீசல் எஞ்சினோடு குடும்பம் நடத்துகிறவர். என்னோடு பேசினதைவிட அதோடு பேசினதுதான் அதிகம். படகைக் கழுவி முடித்த கையோடு அதே குழாயைக் கார் பக்கம் திருப்பினார். பானெட்டைத் திறந்தார்.

"யோவ், உள்ள தண்ணி அடிக்கலாமா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"எஞ்சினுக்குத் தண்ணி இன்னாமே பண்ணும்? கடல்ல அலையே உள்ள பூந்து அடிக்குது, எம்பாட்டுக்கு ஓட்டிகினு வரேன். இது குயா தண்ணி."

அனுபவஸ்தர் சொல்லிவிட்டார். அடித்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். கடையில் வாங்கி வைத்திருந்த பன்னீர் பாட்டில் இரண்டு. ஏசிக்குக் காற்று முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சல்லடை வழியாகத்தான் போகிறது என்று ராமதாஸ் எப்போதோ சொல்லியிருந்தார். ஒரு பாட்டிலை அதில் ஊற்றினேன். இன்னொன்றை எஞ்சின் மேல், பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்த இடமாகப் பார்த்து, அபிஷேகம் மாதிரி நிதானமாக ஊற்றினேன். மேலே இரண்டு ரோஜாப்பூவை உதிர்த்துப் போட்டேன். மணம் அள்ளிக்கொண்டு போனது. எலுமிச்சம்பழத்தில் ஏற்றி இறக்கினபோது வண்டி லேசாக ஒரு குலுக்கு குலுக்கியது. சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் ஐந்து குண்டான் சாதம், என் மடியில் வளையல் தட்டு. திருவொற்றியூர் தாண்டுகிறவரை ஒரு குறையும் இல்லை. எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறினதும் வண்டி இருமியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

"யோவ், இன்னாய்யா இது? தண்ணிக் குயா படம் போட்டு மினுக்குது?"

"குயா இல்லமே, எஞ்சின் படம். எஞ்சினு நல்லா ஓடுதுன்னு சொல்லுது."

"நல்லா ஓடுறத எதுக்குக் கண்ணடிச்சுச் சொல்லுது?"

"போட்ல வெளக்கு எரிஞ்சா நல்லது. அணைஞ்சாதான் பேஜாரு. நீ கம்னு வா."

கம்மென்று வந்தேன். வண்டி வரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்து, முழு வண்டியும் கிடுகிடுவென்று நடுங்கியது. குண்டான் மூடிகள் தாளம் போட்டன. புளிச்சோறு மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"சைட்ல அலை அடிக்குதுமே" என்றார் ராமதாஸ்.

"பாலத்து மேல ஏதுய்யா அலை? கஸ்மாலம்!"

பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கிழித்தான். எப்படியோ பாலத்தைத் தாண்டி இறங்கி, லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் ஓரம் கட்டினோம். மணி பத்து ஐந்து. வண்டியை அணைக்காமலே ராமதாஸ் இறங்கி நாலு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். டயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். உதைத்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கிறதாம்.

நிற்கிற லாரியிலிருந்து ஒரு டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஜன்னல் வழியாகத் தலையை விட்டு விளக்கைப் பார்த்தார். பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"இதாக்கா? எல்லா வண்டிலயும் வரும். என் லாரில ரெண்டு வருசமா எரியுது. மேல ஒரு பொட்டு ஒட்டிடுங்க. தெரியாது."

"தெரியலன்னா சரியாயிடுமா?"

"தெரியலன்னா மனசு கஷ்டப்படாதுல்ல."

நம்ப மாட்டீர்கள். என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். இக்கட்டு வந்தால் புத்தி புல் மேயப் போய்விடும். பொட்டைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. இப்போது நிம்மதி போனது மட்டுமில்லை, வெறும் நெற்றியோடு வேறு நின்றேன்.

போன் அடித்தது. நர்மதா.

"மா, எங்க கீற? அத்த வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகினே கீது. நீ வந்தியான்னு நாலு வாட்டி கேட்டுச்சு."

கேட்பாளே! நான் வரவில்லை என்று தெரிந்தால் வளையலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கலாம் அல்லவா? "வந்துகினே கீறோம்டி, பக்கத்துல கீறோம்" என்று பொய் சொல்லி வைத்தேன்.

"மே, பேசாம எண்ணூர் ஸ்டேஷனுக்கு ஆட்டோ புடிச்சுப் போய் ரயிலு ஏறிட்டா அத்திப்பட்டுல எறக்கி வுட்ருவான்" என்றார் ராமதாஸ்.

"அஞ்சு குண்டானத் தூக்கிகினு, கூடக்காரங்க பொட்டில ஏறி, வேர்த்து வழிஞ்சு அவ முன்னாடி போய் நிக்கணுமா? அதுக்கு நான் இந்தக் கால்வாயில வுழுந்துடறேன்."

ரோட்டோரம் ஒரு ஒர்க்ஷாப் தெரிந்தது. வாசலில் வாழை மரம், நடுவில் உடைத்த பூசணிக்காய். உள்ளே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு மெக்கானிக், பெயர் அன்புமணி. அவன் பின்னால் வாழை இலையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஜாக்கிக்கு மாலை.

"யக்கா, தப்பா எடுத்துக்காத. பூஜையில வச்ச சாமான மறுபூஜை போடாம தொடக் கூடாது. மொதலாளி குலசாமி கோயிலுக்குப் போய்கிறாரு. மத்தியானம் வந்துதான் போடுவாரு."

"டேய், எம்பொண்ணுக்கு வளகாப்புடா! சாமியே கோச்சுக்காதுடா!"

"சாமி கோச்சுக்காது. மொதலாளி கோச்சுக்குவாரு."

அவனை, அவன் முதலாளியை, அந்த ஜாக்கியை எல்லாம் சேர்த்து ஒரு பிடி பிடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "இந்த ரோட்டுல இன்னிக்கு எல்லாக் கடையும் இப்டித்தான் கீது. ஜெமிமாக்கா கடை மட்டும் தொறந்துக்கினு கீது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவங்க கிறிஸ்டீனு, பூஜைலாம் கிடையாது. ஸ்கேனர் மிஷினு வச்சு அவங்களே பாப்பாங்க" என்றான். பிறகு வண்டிக்கு வந்து எட்டி விளக்கைப் பார்த்தான். "இன்னாது, மினுக்குதா? ஐயோ, ஓட்டாத நைனா! நான் தள்ளி வுடறேன். கையால தள்ளலாம், ஸ்பேனரதான் தொடக் கூடாது."

அப்படியாக வெள்ளை வேட்டி கட்டிய ஒருவனும் பட்டு வேட்டி கட்டிய ஒருவரும் காரைத் தள்ள, பட்டுப்புடவையும் வெறும் நெற்றியுமாக நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, ஜெமிமா கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மணி பத்து நாற்பது.

ஜெமிமாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டது. பேச்சு இன்னும் அந்த ஊர்ப் பேச்சு. ஓடி வந்து பார்க்கவில்லை, பதறவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"லைட்டு நின்னு எரிஞ்சுதா, மின்னி மின்னி எரிஞ்சுதா?"

"மின்னி மின்னி."

"அதோடயா இம்புட்டுத் தூரம் ஓட்டுனீய? நின்னு எரிஞ்சா மெதுவா உருட்டிட்டு வந்து காட்டலாம். மின்னுச்சுன்னா அந்த எடத்துலயே நிப்பாட்டணும்க்கா. பெட்ரோல் உள்ள எரியாம சைலன்சருக்குப் போயி அங்க எரியும். அது உள்ள ஒரு சாமான் இருக்கு, பழுத்து வீணாப் போயிரும். அதுக்கு அழுவுற காசுக்குப் பாதிக் காரு வாங்கலாம்."

நான் ராமதாஸைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

ஜெமிமா ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினாள். அப்போது டாஷ்போர்டில் இருந்த பொட்டு அவள் கண்ணில் பட்டது.

"இது யாரு இதுக்குப் பொட்டு வச்சது?"

"ஆயுத பூஜைக்கு வச்சது" என்றார் ராமதாஸ், கண் இமைக்காமல்.

கருவியில் எழுத்து ஓடியது. "மூணாவது சிலிண்டரு. தீப்பொறி விழல. வண்டிக்கு இருக்கதே மூணு சிலிண்டரு, அதுல ஒண்ணு வேலைநிறுத்தம். அதான் குலுக்குது."

"எங்க போட்டு எஞ்சினு இப்டிப் பண்ணா எண்ணெ பீச்சற நாஸில் அடைச்சிக்கினு இருக்கும்" என்றார் ராமதாஸ், பெரிய மனுஷன் மாதிரி.

"அண்ணாச்சி, அது ஒங்க டீசல் எஞ்சினுக்கு. அதுல பொறியே கிடையாது, அழுத்தத்துலயே தீப்பிடிக்கும். மேல கடலே கொட்டுனாலும் ஓடும். இது பெட்ரோலு. கரண்டுல பொறி விழணும், தண்ணி பட்டா செத்துச்சு." அவள் பானெட்டைத் திறந்து மேல்மூடியைக் கழற்றினாள். "நேத்து எஞ்சினக் கழுவுனீயளா?"

"யாரு, நாங்களா? சேச்சே, மேலுக்கு ஒரு துணி போட்டுத் தொடச்சோம்" என்றேன். நாக்கு தானாகப் புரண்டது.

ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, ஒயரைப் பிடுங்கி, ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு சாமானை மேலே இழுத்தாள். அதன் பெயர் காயிலாம், பொறிக்குக் கரண்டு கொடுக்கிறது அதுதானாம். இழுத்தவுடன் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்த இடமே மணத்தது. காயில் நுனியில் ஒரு ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெமிமா அந்த இதழை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"யக்கா," என்றான் அன்புமணி மூக்கை உறிஞ்சி, "கல்யாண மண்டபத்துல நிக்கிற மாரியே கீது."

ஜெமிமா காயில் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தாள். "கெணறு மாதிரி ரொம்பிக் கெடக்கு. யாரு இதுக்குள்ள பன்னீரு ஊத்துனது?"

ராமதாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அந்த மனுஷனை நான் என்னென்ன சொல்லியிருந்தேன், லாரிக்காரரை, அன்புமணியை, பார்த்தே இராத ஒரு முதலாளியை! இப்போது அந்த ரோஜா இதழ் என்னைப் பார்த்து நின்றது. திருடி மாட்டிக்கொண்டாள்.

"நான்தான்" என்றேன். "மீன் வாட போவணும்னு. இந்த வண்டில எம்மேல மீன் வாட அடிக்கக் கூடாதுன்னு. எம்பொண்ணு மாமியா என்னப் பாத்து மூக்கப் பொத்துனா கண்ணு. ரெண்டு வருசமா அது எனக்கு நெஞ்சுல கீது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஏலத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அழுததில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் அழுதேன்.

ஜெமிமா என்னைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். "சரிதாங்க்கா. ஆனா வாட அடிக்கிறது டிக்கி. டிக்கியக் கழுவாம எஞ்சின எதுக்குக் கழுவுனீய?"

மூக்கைச் சிந்திக்கொண்டே டிக்கியைத் திரும்பிப் பார்த்தேன்.

ராமதாஸ் பரபரவென்று குனிந்து குழிக்கு அடியில் இருக்கிற பிளக்கைக் கழற்றப் போனார். ஜெமிமா அவர் கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள். "தண்ணிய எடுக்காம பிளக்கக் கழட்டுனா அம்புட்டும் சிலிண்டருக்குள்ள போயிரும். கைய எடுங்க அண்ணாச்சி." நான் செய்ய ஆசைப்பட்டு இத்தனை வருஷமாகச் செய்யாததை அந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டாள். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்தது.

பெரிய ஊசி போடும் சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி, குழியிலிருந்து பன்னீரை உறிஞ்சினாள். அரை டம்ளர் தேறியது. ராமதாஸின் புதுத் துண்டைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே விட்டு ஈரத்தை எடுத்தாள். மாடியிலிருந்து தலைமுடி உலர்த்தும் மிஷினைக் கொண்டுவந்து, காயிலை என் கையில் பிடிக்கக் கொடுத்து, குழிக்கும் காயிலுக்கும் மாறி மாறிக் காட்டினாள். "நேத்து லேசா நனைஞ்சிருக்கும், ஓடிருக்கு. இன்னைக்கு எஞ்சின் சூடேறவும் ஆவி மேல ஏறி, பாலத்துல மெதிக்கவும் பொறி வெளிய ஓடிருச்சு" என்று வேலை செய்துகொண்டே சொன்னாள். காயில் நுனியில் இருந்த ரப்பரில் முடி அளவு விரிசல். அதை மட்டும் கடையிலிருந்து புதிதாக எடுத்து மாட்டினாள். பிறகு இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டாள்.

"எதுக்கு மாத்தற கண்ணு?"

"காயில் செத்திருந்தா கோளாறு அதோடயே ரெண்டாவதுக்குப் போவும். போவலன்னா காயில் பொழச்சிருச்சுன்னு அர்த்தம். எடுங்க அண்ணாச்சி வண்டிய."

ராமதாஸ் சாவியைத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லையம்மனை, ஜெமிமாவின் மாதாவை, வாசலில் போன லாரியில் எழுதியிருந்த சாமியை எல்லாரையும் கூப்பிட்டேன். எஞ்சின் ஒரு தரம் கனைத்தது. அப்புறம் குலுக்கலே இல்லாமல் வழவழவென்று ஓடியது. ஜெமிமா ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் கருவியைப் பார்த்தாள். மூன்று சிலிண்டரும் வேலைக்கு வந்துவிட்டனவாம். கருவியாலேயே பழைய கோளாறை அழித்தாள். பொட்டை உரித்து என் நெற்றியில் ஒட்டினாள்.

"இனிமே லைட்ட மறைக்காதிய. அது ஒங்களுக்காகத்தான எரியுது."

கேட்ட காசைக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அன்புமணியிடம், "திட்டனத மனசுல வச்சிக்காதப்பா" என்றேன். "இன்னாது, திட்டனியா? நான் உன் பேச்சே அப்டின்னுல்ல நெனச்சேன்" என்றான்.

மணி பதினொன்று இருபத்தைந்து. கிளம்பினோம். அதுவரை ஏசி போடவில்லை. அத்திப்பட்டு நெருங்கும்போது வேர்த்துக் கொட்டியது, புடவை கெட்டுவிடும் என்று போடச் சொன்னேன். சல்லடையில் ஊற்றின முதல் பாட்டில் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு பக்கத்திலிருந்தும் பன்னீர் வாசம் குப்பென்று அடித்தது. ராமதாஸின் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு மனசு நிறைந்தது. இந்தா வரேன்டி வேம்பு, இப்ப பொத்து மூக்கை, பார்ப்போம்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது வாசலில் போய் நின்றோம். வேம்பு ஓடி வந்தாள். நிஜமாகவே ஓடி வந்தாள். "வாங்க சம்மந்தி, வாங்க, உங்களுக்காகத்தான் எல்லாம் நிக்குது" என்று அவளே கார்க் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து பன்னீர்க் காற்று அவள் முகத்தில் அடித்தது.

அவள் முகம் கோணியது. முந்தானை மூக்குக்குப் போனது.

என் உயிரே நின்றுவிட்டது. இத்தனைக்கும் பிறகுமா? பன்னீருக்கும் மேலேயா என் மீன் வாடை அடிக்கிறது? கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தும்மினாள். ஒன்று இல்லை, ஒன்பது. தெருநாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

"சம்மந்தி... ஹச்... பன்னீரா... ஹச்... ஏசிய அணைங்க..."

உள்ளேயிருந்து நர்மதா நிறை வயிறோடு வேகமாக வந்தாள். "ஐயோ மா! இன்னாமா இது? அத்தைக்குப் பன்னீரு ஆகவே ஆகாதுமா! மோந்தா மூச்சு அடைச்சிக்கும். கல்யாணத்தன்னிக்குக்கூட வாசல்ல யாரோ மூஞ்சிலயே தெளிச்சுட்டாங்கன்னு நாலு நாளு படுத்துகினு இருந்துச்சு."

யாரோ. அந்த யாரோ வளையல் தட்டோடு காரில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப... மூக்கப் பொத்துனது..." என்றேன்.

"ஆமா சம்மந்தி" என்றாள் வேம்பு பத்தடி தள்ளி நின்று, முந்தானைக்குள்ளிருந்து. "நீங்க ஆசையா தெளிச்சீங்க. ஒத்துக்காதுன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லல. பக்கத்துல வந்து உக்காரக்கூட முடியல, உங்க பொடவ பூரா பன்னீரு."

ராமதாஸ் தொண்டையைக் கனைத்தார். "நான் அன்னிக்கே ஜல்புன்னு..."

"வாய மூடுய்யா."

உள்ளே போனோம். மனையில் நர்மதா உட்கார்ந்திருந்தாள். சித்தார்த் குண்டான்களை இறக்கி வைத்தான். ஒரு வளையலும் யாரும் போட்டிருக்கவில்லை. "உங்க கையாலதான் மொதல்ல. நீங்க வராம யாரையும் தட்டத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள் வேம்பு, ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டு. என் மகள் கையில் முதல் வளையலைப் போட்டேன். காயிலைப் பிடித்த என் கையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு அவள் மணிக்கட்டில் ஒட்டியது. திருஷ்டிக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது வேம்பு தயங்கித் தயங்கிக் கொஞ்சம் கிட்டே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? ரெண்டு வருசமா மனசுல வச்சிருக்கேன். காசிமேட்டுல சம்மந்தம் பண்ணியிருக்கோம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன். உங்க வூட்டுலேர்ந்து இன்னி வரைக்கும் ஒரு நெத்திலி வரல. ஆப்பிளா வருது. எங்க மேல உங்களுக்கு எதனா கோவமா சம்மந்தி?"

இரண்டு வருஷம், நாளுக்கு ஒரு எலுமிச்சம்பழம், இந்தக் கை தோல் உரிகிற மட்டும் தேய்த்தேன். நான் இந்தப் பக்கம் தேய்த்துக்கொண்டிருக்க, அவள் அந்தப் பக்கம் மீனுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் மறுபடி தும்மினாள்.

மறுநாள் ஏலத்தில் அன்றைக்கு வந்ததிலேயே நல்ல நெத்திலிப் பெட்டியை விட்டுக்கொடுக்காமல் கூச்சல் போட்டு வாங்கினேன். கூடவே இரண்டு வஞ்சிரம். டிக்கியில் ஏற்றும்போது ஐஸ் தண்ணீர் கம்பளத்தில் ஒழுகியது. ராமதாஸ் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வுடுய்யா, ஒழுகட்டும்" என்றேன். "சம்மந்திக்கு இந்த வாசனதான் ஒத்துக்கும்."